புகையும் புத்தகமும்

சாய்வு நாற்காலி, அதிலே சாய்ந்திருக்கும் ஒரு சீமான், அவர் விரலிடையே ஒரு சுருட்டு! வட்டம் வட்டமாகப் புகை எழுகிறது. எழுந்து, விரிந்து, மெலிந்து, மறைகிறது. அரைக்கண் மூடியிருக்கிறது, அவசரம் என்பதை அவர் அறியார். இந்தக் காட்சியைத் திரையிலே கண்டிருக்கிறோம், கதைகளிலே படித்திருக்கிறோம். கண்டபோதெல்லாம் புகையைக் கண்டோம், புகைப்பவரைக் கண்டோம். அந்தச் சுருட்டைச் சுருட்டிய விரல்களைக் கண்டோமா?

கண்டோமில்லை. காட்டுவாருமில்லை. மாளிகையைப் பார்ப்போர் மண் சுமந்தவளைப் பார்ப்பதில்லை. பட்டாடையைப் புகழ்வோர் தறியடியிலே கால் மரத்துப்போனவனை நினைப்பதில்லை. சுருட்டின் கதையும் அத்தகையதே. ஆயினும் இந்தக் கதையிலே ஒரு வியப்பு உண்டு. சுருட்டைப் புகைத்தவன் கையிலே கடைசியில் மிஞ்சியது சாம்பல். சுருட்டைச் சுருட்டியவனோ, அந்த வேலைப் பலகையின் முன்னே அமர்ந்தபடியே, தனக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டிக்கொண்டான்! அந்த வரலாற்றைத்தான் இன்று கூற எண்ணுகிறோம்.

பெயர் நம்முடையது

ஆங்கிலத்திலே ‘செரூட்’ என்றொரு சொல் உண்டு. முனை கூம்பாமல், இரு பக்கமும் வெட்டப்பட்டிருக்கும் சுருட்டுக்கு அந்தப் பெயர். அது எங்கிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளைக் கேட்டால், தமிழிலிருந்து வந்தது என்று தயக்கமின்றிக் கூறுகின்றன. சுருட்டு என்னும் நம் சொல்லே போர்ச்சுகீசியர் நாவிலே ‘சருட்டோ’ ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் நாவிலும் ஏறிற்று. கடல் கடந்து சென்ற தமிழ்ச் சொற்களின் வரிசையிலே அரிசிக்கும் இஞ்சிக்கும் பக்கத்திலே சுருட்டும் அமர்ந்திருக்கிறது!

இலையின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. உலக மொழிகள் பலவும் ‘டொபாக்கோ’ என்ற அயற்சொல்லையே சிற்சில மாற்றத்துடன் வைத்துக்கொண்டன. வடபுலத்திலே ‘தம்பாக்கு’ என்பர். நம் மொழிக் குடும்பமோ கடன் வாங்கவில்லை. புகைக்கும் இலை, ஆகவே புகையிலை என்றனர் தமிழர். தெலுங்கர் பொகாகு என்றனர். கன்னடர் ஹொகெசொப்பு என்றனர். மலையாளிகள் புகயில என்றனர். புதியதொரு பொருள் வந்தபோது நான்கு மொழியினரும் தத்தம் சொற்களைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். புதுமைக்குப் பெயர் சூட்ட நம் மொழியால் இயலாது என்போர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் இலண்டன் வரை எட்டியது. 1887 ஆம் ஆண்டில் கானன் டாயில் எழுதி வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலே, கொலை நடந்த அறையின் தரையிலே கிடந்த சாம்பலைக் கண்டே, கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். உறையூரையும் திண்டுக்கல்லையும் கண்டறியாத ஆங்கில வாசகனுக்கும் அந்தச் சாம்பலின் கருமை தெரிந்திருந்தது.

பெருமைக்குரியது அன்றோ என்று கேட்கலாம். பெயரளவில் பெருமைதான். ஆனால், ஊர்ப்பெயர் உலகேறிய காலத்திலே, சுருட்டியவன் வீட்டு உலை ஏறியதா? அதுவல்லவா கேள்வி! விடை காண, முதலில் அந்த இலை பிறந்த நாட்டுக்குச் செல்வோம்.

இருவழிப் பயணம்

1492 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். கொலம்பசு கியூபாத் தீவின் கரையிலே கலத்தை நிறுத்தி, உள்நாட்டைக் கண்டு வருமாறு இருவரை அனுப்பினான். பொன்னும் பேரரசும் இருக்கும் என்பது அவன் கணக்கு. அவர்கள் கண்டதோ, கையிலே கொள்ளியும் சுருட்டிய இலையும் ஏந்திப் புகையை உறிஞ்சிய தைனோ மக்களை. பொன் தேடிச் சென்றவர்கள் புகையைக் கண்டு திரும்பினர்!

அக்காலத்துச் செய்திகளை எழுதிவைத்த லாஸ் காசாஸ் என்ற பாதிரியார், இலைச் சுருளை, சிறுவர்கள் திருவிழா நாளிலே காகிதத்தால் செய்யும் விளையாட்டுத் துப்பாக்கிக்கு ஒப்பிடுகிறார். புகையை இழுத்தவர்களுக்குக் களைப்பே தெரிவதில்லை என்கிறார். அந்தப் பழக்கத்தைப் பற்றிக்கொண்ட ஸ்பானியர் சிலரைக் கடிந்து கேட்டபோது, விட்டுவிட எங்களால் இயலவில்லை என்று அவர்கள் கூறியதையும் குறித்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே சொல்லப்பட்ட விடை. இன்றளவும் மாறாத விடை!

கியூபாவிலும் அதனையடுத்த தீவுகளிலும் சுருளைக் கண்ட ஸ்பானியர் சுருட்டைக் கற்றனர். வட அமெரிக்கப் பழங்குடியினரிடம் குழாயைக் கண்ட ஆங்கிலேயர் குழாயைக் கற்றனர். சுங்கான் என்று நாம் கூறும் அந்தப் புகைக்குழாய், அப்பழங்குடியினரிடையே வெறும் கேளிக்கைப் பொருளன்று. உடன்படிக்கை செய்துகொள்ளும்போது கைமாறும் உறுதிப்பொருள். மின்னசோட்டா மாநிலத்திலே சுங்கான் செய்தற்கென்றே அவர்கள் செந்நிறக் கல் வெட்டியெடுத்த சுரங்கம் இன்றும் இருக்கிறது. சண்டை ஓய்ந்ததற்கு அடையாளமாக ஒரே குழாயில் இருதரப்பாரும் புகைத்தனர். அந்தக் குழாயைக் கற்றுக்கொண்ட வெள்ளையர், அதனுடன் சேர்ந்திருந்த உறுதிமொழியை மட்டும் கற்றுக்கொள்ள மறந்தனர், நிலத்தையும் பறித்தனர்.

இன்பம் எத்தகையது?

புகைப்பவர் காணும் இன்பத்தை நாம் மறைக்கப் போவதில்லை. இன்பமே இல்லாத ஒன்று ஐந்து நூற்றாண்டு உலகை ஆட்டிப் படைத்திருக்க முடியாது.

சுங்கான் புகைப்பது ஒரு பொறுமைக் கலை. முதலில் வெள்ளைக் களிமண்ணால் செய்தனர். புகையிலை விலை மிக்கதாயிருந்த காலத்திலே அதன் கிண்ணம் விரல்நுனி அளவே. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. இன்று இங்கிலாந்து மண்ணைத் தோண்டும் ஆய்வாளர்கள், உடைந்த குழாயின் கிண்ணத்தை அளந்தே அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். பின்னர்த் துருக்கி நாட்டு வெண்ணுரைக்கல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, பிரான்சின் சேன் குளோத் ஊரார், நடுநிலக் கடற்கரைப் புதர்ச் செடியொன்றின் வேர்முண்டைக் குடைந்து செய்யத் தொடங்கினர். எளிதில் தீப்பற்றாத மரம் அது. அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக இலையை இட்டு, கனலை அணையவிடாமலும் கொழுந்து விடாமலும் காக்க வேண்டும். விரைந்து இழுத்தால் நாக்கு வெந்துவிடும்.

சுருட்டோ மூன்று உறுப்புடையது: உள்ளே பொதியும் இலை, அதனைக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை. இலையை உலர்த்திக் குவியலாக அடுக்கினால் தானே வெப்பமேறிப் புளிக்கும். காரம் தணிந்து மணம் பிறக்கும். பறித்த நாளிலிருந்து புகையும் நாள் வரை ஆண்டுகள் செல்லும். சுருட்டுப் புகையை மார்புக்குள் இழுப்பதில்லை. வாயிலே வைத்து வெளியே விடுவர். நல்ல சுருட்டொன்று ஒரு மணி நேரம் எரியும்.

ஒரு மணி நேரம்! இங்கேதான் சற்று நிற்க வேண்டும். சுருட்டின் இன்பம், இலையிலே பாதி என்றால் ஓய்விலே மறுபாதி. அமர்ந்திருக்க ஒரு மணி நேரம் உடையவனுக்கே அந்த இன்பம் முழுமையாகக் கிடைக்கும். 1880 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க இளைஞன் பான்சாக் சிகரெட்டுப் பொறியைக் கண்டுபிடித்து, நாளொன்றுக்கு நூறாயிரத்துக்கு மேல் உருட்டித் தள்ளச் செய்தபோது, ஆலைச் சங்கின் இடைவெளியிலே ஐந்து நிமிடம் புகைப்பதற்குச் சிகரெட்டு வந்தது. சுருட்டு ஓய்வுடையோரின் சின்னமாகவே நின்றது. ஓய்வு என்பது உலகிலே யாருக்கு எவ்வளவு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல் சுருட்டு!

அரியணையும் புகையும்

மன்னர்கள் இதனை வெறுத்தும் பார்த்தனர், விரும்பியும் பார்த்தனர். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1604 ஆம் ஆண்டிலே புகையிலையைச் சாடித் தாமே ஒரு நூல் எழுதினார். அத்துடன் அமையாது, இறாத்தலுக்கு இரண்டு பென்சாக இருந்த வரியை ஆறு ஷில்லிங் பத்துப் பென்சாக உயர்த்தினார். துருக்கிய சுல்தான் நான்காம் முராது, 1633 இல் புகைப்போருக்கு மரண தண்டனை விதித்தார். இங்கே ஜகாங்கீர் 1617 இல் தடை ஆணை பிறப்பித்தார். ஆணைகள் மறைந்தன; புகை நிலைத்தது.

ஜகாங்கீரின் தந்தை அக்பரின் அவையிலே நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. பீசப்பூர் சென்று திரும்பிய ஆசாத் பேக் என்ற அலுவலர், மணிகள் பதித்த புகைக்குழாயையும் புகையிலையையும் மன்னரிடம் காட்டினார். மன்னர் சுவைத்துப் பார்த்தார். மருத்துவர் தடுத்தார்; நம் நூல்களில் இதனைப் பற்றி ஒன்றும் கூறப்படவில்லை என்பது அவர் வாதம். ஆசாத் பேக் விடவில்லை. எந்த வழக்கமும் ஒரு காலத்திலே புதியதாக இருந்ததுதானே என்று கேட்டார். நம் ஏட்டிலே இல்லை என்ற ஒரே காரணத்திற்காக ஒன்றைத் தள்ளிவிட்டால் முன்னேறுவது எவ்வாறு என்று அக்பர் அந்த வாதத்தைப் பாராட்டினார். பாராட்டினாரே தவிர, தாம் அதன்பின் புகைக்கவில்லை!

எத்துணை அழகான வழக்கு! ஏட்டிலே இல்லாதது தீது என்ற மருத்துவரின் காரணம் தவறு. புகை தீது என்ற முடிவோ சரி. புதுமையை அஞ்சலாகாது என்ற ஆசாத் பேக்கின் நெறி சரி. அவர் நீட்டிய பொருளோ நஞ்சு. ஆகவே பழமை என்பதற்காக ஏற்பதும் அறிவன்று. புதுமை என்பதற்காக ஏற்பதும் அறிவன்று. சோதித்துப் பார்த்தபின் ஏற்பதே அறிவு.

சோதனை பின்னர் வந்தது. அமெரிக்கத் தளபதி கிராண்ட் 1862 இல் டானல்சன் கோட்டையை வென்றபோது, சுருட்டும் கையுமாக அவரைச் செய்தித்தாள்கள் வருணித்தன. மகிழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான சுருட்டுகளை அன்பளிப்பாக அனுப்பினர். பின்னாளிலே குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அவர், 1885 இல் தொண்டைப் புற்றுக்கு இரையானார். உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்த சிக்மண்ட் பிராய்டு, நாளொன்றுக்கு இருபது சுருட்டுப் புகைத்தவர். 1923 இல் வாயிலே புற்று கண்டு, முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகளைத் தாங்கி, அப்போதும் சுருட்டை விடமாட்டாமல் 1939 இல் மறைந்தார். மனித மனத்தை விடுவிக்க வழி சொன்னவரையே இலை ஒன்று கட்டி வைத்திருந்தது! 1950 இல் இங்கிலாந்தின் டாலும் ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு நிறுவினர். சுருட்டையும் சுங்கானையும் மார்புக்குள் இழுப்பதில்லையே என்பது தப்பும் வழியாகாது. வாயின் தோல் வழியாகவே நிகோட்டின் குருதியிலே ஏறும். வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் அதற்கு விலை கொடுக்கும்.

பிறர் வியர்வை

புகைத்தவன் கொடுத்த விலை அது. விளைத்தவன் கொடுத்த விலை யாது?

வர்ஜீனியாவிலே ஜான் ரோல்ப் 1612 ஆம் ஆண்டையொட்டிப் புகையிலை பயிரிட்டார். பட்டினியிலே தள்ளாடிய குடியேற்றம் பணப்பயிரால் நிமிர்ந்தது. ஏழே ஆண்டில், 1619 இல், ஆப்பிரிக்கர் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் அங்கே கொணர்ந்து விற்கப்பட்டனர். பின்னர் ஆயிரம் ஆயிரமாகக் கொணரப்பட்டனர். இலண்டன் கனவானின் சுங்கானிலே எரிந்தது இலை மட்டுமன்று, அடிமையின் ஆயுளுமாகும்.

கியூபாவிலே ஸ்பானிய அரசு 1717 இல் புகையிலை வாணிகத்தைத் தன் முற்றுரிமையாக்கிற்று. விளைத்தவன் அரசு சொன்ன விலைக்கே விற்க வேண்டும். உழவர்கள் கிளர்ந்தனர், 1723 இல் கிளர்ச்சியாளர் சிலரைச் சிறைபிடித்துக் கொன்று, உடல்களைச் சாலையோரத்திலே தொங்கவிட்டனர். நூறாண்டு கழித்து, 1817 இல்தான் அந்த முற்றுரிமை நீங்கியது. அதன்பின் ஹவானா நகரிலே சுருட்டாலைகள் பெருகின. இங்கேதான் நம் கதை திரும்புகிறது.

படிப்பவரின் குரல்

ஹவானாச் சுருட்டாலை எப்படி இருக்கும்? நீண்ட கூடம். வகுப்பறையிலே போல் வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொரு பலகையின் முன்னும் ஒரு தொழிலாளி. கையிலே பிறை போன்ற தகட்டுக் கத்தி. இலையை நறுக்குவான், பொதிவான், உருட்டுவான், ஒட்டுவான். கண்ணுக்கும் விரலுக்கும் ஓயாத வேலை. பொறியின் இரைச்சலோ இல்லை. செவி சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் செவிக்கு வேலை கொடுத்தால் என்ன?

அந்த எண்ணம் சட்டமன்றத்திலே பிறக்கவில்லை, கல்விக் குழுவிலே பிறக்கவில்லை, தொழிலாளர்களிடையே பிறந்தது. சாட்டர்னினோ மார்ட்டினெஸ் என்பவர் சுருட்டுத் தொழிலாளி, கவிஞருங்கூட. 1865 இல் அவர் ‘லா அரோரா’ என்ற இதழைத் தொடங்கினார். வைகறை என்பது அதன் பொருள். தொழிலாளருக்கென்று இதழ் வந்தது. ஆனால் அவர்களுள் எழுத்தறியாதோர் பலர். இதழ் இருந்து என்ன பயன்? அவ்வாண்டு டிசம்பர் 21 ஆம் நாள், ‘எல் ஃபிகாரோ’ என்ற ஆலையிலே ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படிக்க, மற்றவர் சுருட்டிக்கொண்டே கேட்டனர். படித்தவருக்கு அன்றைய சுருட்டுக்கூலி போயிற்றே? கேட்டவர் அனைவரும் தம் கூலியிலிருந்து பங்கு போட்டு அதனை ஈடுசெய்தனர். அரசு கொடுத்த மானியமன்று, முதலாளி போட்ட பிச்சையன்று. கூலிக்காரன் தன் வயிற்றைக் குறைத்துத் தன் செவிக்கு ஊட்டிய உணவு! அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பார்த்தகாஸ் ஆலையிலும் படிப்பு தொடங்கியது; பின்னர் ஆலைதோறும் பரவிற்று.

படிப்பவர் அமர்வதற்கு உயர்ந்த மேடை அமைந்தது. காலையிலே செய்தித்தாள், பின்னர் வரலாறு, அரசியல், பொருளியல், அதன்பின் நாவல். எந்த நூலைப் படிப்பது என்பதை வாக்கெடுத்துத் தொழிலாளர்களே முடிவு செய்தனர். விக்டர் யூகோவின் ‘ஏழை படும் பாடு’ அவர்கள் உள்ளங்கவர்ந்த நூல். பிடித்த இடம் வந்தால் கைதட்ட நேரமேது? கத்தியால் பலகையைத் தட்டுவர், கூடமே அதிரும். டூமாவின் நாவலையும் விரும்பிக் கேட்டனர். 1935 இல் தோன்றிய ஒரு சுருட்டுக்கு அதன் நாயகன் பெயரால் ‘மாண்டி கிறிஸ்டோ’ என்றே பெயர் அமைந்தது. சீமான்கள் அந்தப் பெயரைப் பணச்செருக்கின் அடையாளமாகக் கருதிப் புகைக்கிறார்கள். அதுவோ தொழிலாளியின் படிப்பறிவு பதித்த முத்திரை!

கேட்ட செவி கேள்வி கேட்கத் தொடங்கும் அல்லவா? கூலி ஏன் குறைவு, நேரம் ஏன் நீளம், நாடு ஏன் அடிமை என்று கேட்டனர். ஆள்வோர் நடுங்கினர். 1866 மே 14 ஆம் நாள், ஆளுநர் லெர்சுந்தி, ஆலைகளிலே நூலும் இதழும் படித்துத் தொழிலாளரின் கவனத்தைச் சிதைக்கலாகாது என்று தடை விதித்தார். படிப்பு தொடங்கி ஐந்து திங்கள் கூட நிரம்பவில்லை! துப்பாக்கியைத் தடுப்பர் ஆட்சியாளர். இங்கே தடுக்கப்பட்டது உரக்கப் படித்த ஒரு குரல். எது வலிமையானது என்பதை ஆள்பவன் நன்கு அறிவான்.

தடை நிலைக்கவில்லை. 1868 இல் விடுதலைப் போர் மூண்டபோது, கியூபாத் தொழிலாளர் பலர் அமெரிக்காவின் கீ வெஸ்ட் நகருக்கும், பின்னர் டாம்பாவுக்கும் குடிபெயர்ந்தனர். கத்தியோடும் பலகையோடும் படிப்பவரையும் கொண்டு சென்றனர். விடுதலை வீரர் ஹோசே மார்த்தி 1891 இல் டாம்பாவுக்கு வந்து உரையாற்றியபோது, அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளும் மக்கள் அங்கே ஆயத்தமாக இருந்தனர். அவர்களை ஆயத்தப்படுத்தியது படிப்பவரின் மேடை. விடுதலைக்குத் தம் கூலியிலிருந்து பொருள் அளித்தோர் அந்தச் சுருட்டுத் தொழிலாளர்களே.

நியூயார்க்கிலும் இந்தக் கதை உண்டு. சாமுவேல் கோம்பர்ஸ், சிறுவனாக இருந்தபோதே சுருட்டுச் சுருட்டக் கற்றவர். ஒருவர் படிப்பார், அவர் இழந்த நேரத்துக்கு ஈடாக மற்றவர் தாம் சுருட்டியதிலே பங்கு கொடுப்பர். அந்தக் கடையிலே கேட்டுக் கேட்டு வளர்ந்த கோம்பர்ஸ், 1886 இல் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவரானார்!

மேடை ஆடவர்க்கு மட்டும் உரியதாகவும் நிற்கவில்லை. போர்ட்டோ ரீக்கோவிலே லூயிசா கபெத்தீயோ என்ற மங்கை சுருட்டாலைகளிலே படிப்பவராகப் பணியாற்றினார். பெண்ணுரிமை பற்றி 1911 இல் நூல் வெளியிட்டார். 1915 இல் ஹவானா வீதியிலே ஆடவர்போல் காற்சட்டை அணிந்து நடந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான ஆடவர் தலைகுனிந்து வேலை செய்ய, மேடையிலே ஒரு பெண் அமர்ந்து அவர்களுக்கு உலகைப் படித்துக் காட்டினாள் என்றால், அந்தக் கூடம் எத்தனை மன்றங்களைவிட உயர்ந்தது!

முதலாளிகள் பொறுப்பார்களா? 1931 நவம்பரிலே டாம்பா ஆலை உரிமையாளர்கள், புரட்சிக் கருத்தைப் பரப்புகிறார்கள் என்று கூறிப் படிப்பவர்களை வெளியேற்றி, மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வெல்ல முடியவில்லை. மேடை இருந்த கூடங்களிலே வானொலிப் பெட்டி வந்தது. வானொலி பேசும், என்ன பேச வேண்டும் என்று கேட்டவர் வாக்கெடுக்க முடியாது! கியூபாவிலோ படிப்பவர் நிலைத்தார். 2012 இல் அந்நாடு இந்த வழக்கத்தைத் தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இன்றும் ஆலைகளிலே குரல் ஒலிக்கிறது.

நம் பக்கத்திலே

தொலைவிலே நிகழ்ந்த கதை என்று எண்ண வேண்டா. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டபடி சுருட்டியதுண்டு. கேரளத்துக் கண்ணூரிலே பீடித் தொழிலாளர்கள் அவ்வாறே செய்தனர். படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர் சுற்றிக் கொடுத்தனர். கியூபாவைப் பார்த்துக் கற்றார்களா? வேண்டியதில்லை. ஓய்ந்திருக்கும் செவியும் பசித்திருக்கும் அறிவும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே அந்த எண்ணம் தானே முளைக்கும்.

கண்ணூர்த் தொழிலாளர் மற்றொன்றும் செய்து காட்டினர். 1966 இல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கான சட்டம் வந்தது. அதன்படி நடக்க மனமில்லாத உரிமையாளர் சிலர் தொழிற்கூடங்களை மூடினர். தெருவில் நின்ற தொழிலாளர், 1969 இல் கூட்டுறவாகச் சேர்ந்து தினேஷ் பீடியைத் தொடங்கினர். பின்னாளிலே புகைப்போர் தொகை குறையக் குறைய, அதே கூட்டுறவு குடையும் உணவுப்பொருளும் செய்யத் தொடங்கிற்று. புகை போனாலும் அவர்கள் போய்விடவில்லை. கூடி வாழக் கற்ற கல்வி அவர்களிடம் இருந்தது.

நாம் ஓர் ஆசிரியர். நம் வகுப்பிலே ஒரு சிறுவன். வாய்விட்டுப் படிப்பதிலே அவனை மிஞ்சுவார் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்திலே நிறுத்துவான். உயர்த்த வேண்டிய இடத்திலே குரலை உயர்த்துவான். யார் பழக்கியது தம்பி என்று கேட்டோம். “எங்க அம்மாதான் சார்” என்றான். அவள் படித்தவளா? இல்லை, எழுத்தறியாதவள். திண்ணையிலே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இரவு வரை பீடி சுற்றுபவள். தூக்கம் வராமலிருக்க மகனைப் படிக்கச் சொல்வாள். பாடநூல் முடிந்தது, பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளையும் படித்தான், அதுவும் முடிந்தது. “வேற எதுவும் இருந்தா வாங்கியாரச் சொன்னாங்க சார்” என்று நின்றான்.

நமக்கு நாணம் பிறந்தது. சாளரத்தோரத்திலே ஒரு பேழை, அதிலே பள்ளியின் நூல்கள், பேழைக்குப் பூட்டு. சாவி நம் மேசையிலே! லெர்சுந்தியைக் கடிந்து எழுத நமக்கு என்ன உரிமை? அவன் ஆணையால் செய்ததை நாம் மறதியால் செய்துகொண்டிருந்தோம். அன்றே பேழையைத் திறந்தோம். இப்போது வாரந்தோறும் அவன் ஒரு நூல் கொண்டு செல்கிறான். அடுத்த திண்ணைக்காரர்களும் முறத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து அமர்கிறார்களாம். முன்வாரத்து நூல் சுவைக்கவில்லை, வேறு வேண்டும் என்று செய்தியும் அனுப்பினார்கள். ஹவானாவிலே வாக்கெடுப்பு, நம் தெருவிலே வாய்ச்சொல்!

அந்தத் தாய் சுற்றும் பீடியை நாம் வாழ்த்தவில்லை. அவள் மூச்சிலே கலப்பது புகையிலைத் தூள். அதைப் புகைப்பவன் மூச்சிலே கலப்பது நஞ்சு. ஆண்டுதோறும் உலகிலே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புகையிலை கொல்கிறது. அந்தத் தொழில் தேய வேண்டும். தேயும்போது அவளுக்கு வேறு தொழில் கிடைக்க வேண்டும். ஆனால், அந்தத் திண்ணையிலே ஒலிக்கும் சிறுவனின் குரல் தேயலாகாது.

சுருட்டு என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தோம். உலகின் சுருட்டுத் தொழிலாளர் நமக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். உழைப்பவனுக்கு ஓய்வு கிடைக்கும்வரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை. படித்தவன் ஒருவன் வாய் திறந்தால் போதும் என்பதே அது. தையற்கூடத்திலே, தறிக்கொட்டிலிலே, தீப்பெட்டி ஒட்டும் தாழ்வாரத்திலே ஓய்ந்திருக்கும் செவிகள் எத்தனை! படித்தவர்களே, மாலையிலே ஒரு மணி நேரம் நம்மிடம் இருக்கிறது. ஒரு சுருட்டு எரிந்து சாம்பலாகும் நேரம்தான். அதை ஒரு திண்ணைக்குக் கொடுப்போம். கையிலே ஒரு புத்தகத்தோடு செல்வோம்.